"கடிக்காதே" என்று சொல்வதை விட்டோம்: எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

எங்கள் பக்கம், கேரள-தமிழ்நாடு எல்லையில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும், எந்தச் சாயாக் கடையில் உட்கார்ந்தாலும் "கடி என்ன வேணும்?" என்று கேட்பார்கள். வடை, பழம்பொரி, போண்டா என்று சாயாவோடு தின்கிற எல்லாவற்றுக்கும் மலையாளத்தில் அதுதான் பெயர். வீட்டில் தமிழும் ரோட்டில் பாதி மலையாளமுமாக வளர்ந்த எங்களுக்கு அதில் வேடிக்கையாக எதுவும் தெரியாது, கோயமுத்தூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள்தான் சிரிப்பார்கள்.

என் மகனுக்கு வயது 7, ஆட்டிசம் இருக்கிறது. சட்டைக் காலர், பென்சில், டிவி ரிமோட், ஜன்னல் கம்பி, என் துப்பட்டா நுனி, ஒன்றும் கிடைக்காவிட்டால் தன் மணிக்கட்டு என்று எதையாவது கடித்துக்கொண்டே இருப்பான். இரண்டு வருடம் நாங்கள் "கடிக்காதே கண்ணு" என்பதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோம். மாமியார் ஒருநாள் காலரில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார். காலரை விட்டுவிட்டு அழிரப்பருக்குப் போனான், ரப்பரைப் பிடுங்கினால் கைக்குப் போனான். அப்புறம் பாலக்காட்டில் அவனைப் பார்த்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற சிகிச்சையாளர்), ஓ.டி. என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: அவனுக்குக் கடி வேணும், நீங்கள் கொடுப்பதில்லை, அதனால் அவனே தேடிக்கொள்கிறான்.

தாடையின் தசைகளும் மூட்டும் அழுத்தத்தை மூளைக்குப் பலமாகத் தெரிவிக்கிற இடங்கள். கெட்டியான ஒன்றை அழுத்திக் கடிக்கும்போது பல குழந்தைகளுக்கு உடம்பு அடங்குகிறது, கவனம் ஒரு இடத்தில் நிற்கிறது. பரீட்சை ஹாலில் பேனா மூடியைக் கடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தப் புலன் தேடலை ஒரு கோட்பாடாக வளர்த்தவர் அமெரிக்க ஓ.டி. ஜீன் ஏயர்ஸ். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேடு, புலன் உணர்வுகளுக்கு அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்தது. ஆனால் இந்தக் கோட்பாட்டை வைத்துச் செய்கிற தெரபிகள் எவ்வளவு பலன் தரும் என்பதற்கு ஆதாரம் குறைவு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அதனால் யாராவது பெரிய தொகைக்கு பேக்கேஜ் போட்டு "முழுசா சரியாகிடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கீழே இருப்பதில் பெரும்பாலானவை காசில்லாமல் வீட்டில் முயன்று, பலனில்லை என்றால் விட்டுவிடக்கூடியவை.

படி 1: மெல்கிறானா, விழுங்குகிறானா?

இதைத் தாண்டி நேராக மூன்றாவது படிக்குப் போகாதீர்கள். மென்று துப்புவது வேறு, விழுங்குவது வேறு. மண், சுண்ணாம்பு, சாம்பல், பேப்பர், நூல், முடி மாதிரி சாப்பாடு அல்லாதவற்றை ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து தின்றால் அதற்கு பைக்கா என்று பெயர், அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவோடு பைக்கா அடிக்கடி சேர்ந்து வரும், அதனால் ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேர்ந்திருக்கிற இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெயிண்ட் உரிந்த பழைய ஜன்னலையோ கட்டிலையோ சுரண்டிக் கடிக்கிற குழந்தை என்றால் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அப்புச்சி (தாத்தா) காலத்துப் பச்சைப் பெயிண்ட். நினைத்தாலே வயிறு கலங்கியது. ரிசல்ட் பயப்படும்படி இல்லை, ஆனாலும் அந்த ஜன்னல் பக்கம் அலமாரியை நகர்த்தி மறைத்துவிட்டோம். நீங்களும் அப்படி ஏதாவது செய்யுங்கள், நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போகாதீர்கள், அந்தத் தூசிதான் இன்னும் ஆபத்து.

திடீரென்று கடிப்பது கூடினால் பல், காது, வயிறு மூன்றையும் சந்தேகப்படுங்கள். போன ஜூனில் பள்ளி திறந்ததும் இவன் கடிப்பது இரட்டிப்பானது, பள்ளிக்கூடம்தான் காரணம் என்று நான் டீச்சரிடம் கொஞ்சம் வேகமாகவே பேசிவிட்டேன். கடைசியில் பார்த்தால் கடைவாயில் புதுப் பல், ஈறு வீங்கிக் கிடந்தது. டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

பட்டன் பேட்டரி, காந்தக் குண்டு ஆகியவை வீட்டிலேயே இருக்கக் கூடாது. விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரி.

படி 2: ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

இந்த வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதினால் போதும். எத்தனை மணி, அதற்கு முன்னால் என்ன நடந்தது, எதைக் கடித்தான், முன்பல்லிலா கடைவாய்ப் பல்லிலா, கடித்த பிறகு அடங்கினானா இன்னும் துள்ளினானா. நான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். ஏழு நாள் முடிந்து பார்த்தபோது நாள் முழுக்கக் கடிக்கிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது பொய் என்று தெரிந்தது. மாலை நாலு மணிக்கு ஸ்கூல் வேனிலிருந்து இறங்கியதும், மிக்ஸி ஓடும்போது, வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்ததும், இந்த மூன்று நேரம்தான். காலையில் ஒன்றுமே இல்லை. அந்த நோட்டு இல்லாமல் நான் இன்றைக்கும் நாள் முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

படி 3: எதைத் தேடுகிறானோ அதே மாதிரி ஒன்று

கடைவாயில் வைத்து நறநறவென்று அழுத்துகிற குழந்தைக்கு எதிர்த்து நிற்கிற பொருள் வேண்டும். துணி நுனியைச் சப்புகிற குழந்தைக்கு உறிஞ்சுகிற வேலை வேண்டும். சுவரையும் தம்ளரையும் நக்குகிற குழந்தை பெரும்பாலும் குளிர்ச்சியோ புளிப்போ உப்போ தேடுகிறது. மாற்றிக் கொடுத்தால் தூக்கி எறிந்துவிடும், நாமும் "இது வேலைக்கு ஆகாது" என்று முடிவு கட்டிவிடுவோம்.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள், இந்த விஷயத்தில் நம் ஊர் கொடுத்து வைத்தது. தை மாதம் பிறந்தால் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா முழுக்கப் பனங்கிழங்கு. வேகவைத்து நடுத்தண்டையும் நாரையும் உருவிவிட்டுத் துண்டாக நறுக்கிக் கொடுத்தால் மெல்ல மெல்ல முடியவே முடியாது. எங்களுக்கு இதைவிட நல்ல கடி அமையவில்லை, சீசன் முடிவதுதான் குறை. மற்ற மாதங்களில் தேங்காய்ச் சில்லு, உலர்த்திய நேந்திரம்பழம், கெட்டியாகச் சுட்ட சப்பாத்தி, முறுக்கு. நேந்திரங்காய் சிப்ஸும் நல்ல கடிதான், ஆனால் உப்பும் எண்ணெயும் என்பதால் நான் எண்ணித்தான் கொடுக்கிறேன், பாக்கெட்டோடு கொடுத்த அனுபவம் ஒன்று உண்டு, வேண்டாம். சப்புகிற குழந்தைக்குக் கெட்டியான பழ ஜூஸையோ தயிரையோ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கொடுங்கள். நக்குகிற குழந்தைக்கு ஐஸ் மோர், கொட்டை எடுத்த நெல்லிக்காய்.

ஊதுவதும் வாய்க்கு வேலைதான். அப்புச்சி பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து கொடுத்தார், முதல் பத்து இலையைத் தின்றுவிட்டான், பதினொன்றாவது ஊதியது. பலூன் மட்டும் வேண்டவே வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையை அடைத்துவிடும்.

நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும், வயது கூடினாலும் சரியாக மென்று விழுங்கத் தெரியாத குழந்தைக்கும் முழு நிலக்கடலை, தேங்காய்ச் சில்லு, பச்சை கேரட் மாதிரி கெட்டியானவை ஆகாது. செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் தசைகள் கட்டுப்பாட்டில் இல்லாத நிலை) உள்ள குழந்தை, சாப்பிடும்போது இருமுகிற, புரையேறுகிற, சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கேட்கிற குழந்தை என்றால் இந்தப் படியை இங்கேயே நிறுத்திவிட்டு ஸ்பீச் தெரபிஸ்டிடம் விழுங்குவதைச் சோதித்த பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும். எந்தக் குழந்தையானாலும் உட்கார்ந்துதான் கடி, ஓடிக்கொண்டு இல்லை, வேனில் இல்லை.

படி 4: கேட்கும் முன்னால் கொடுப்பது

நோட்டில் நேரம் தெரிந்துவிட்டதல்லவா, அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் கொடுங்கள். காலர் வாய்க்குள் போன பிறகு பிடுங்கி வேறொன்றைத் திணித்தால் அது பிடுங்கலாகத்தான் அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் வேன் நின்றதும் வாசல் திண்ணையில் உட்கார வைத்துக் கடி, அதற்குப் பிறகுதான் பை, ஷூ எல்லாம். மிக்ஸி போடும் முன் "மிக்ஸி வருது" என்று சொல்லி ஒன்று, வீட்டுப்பாடத்துக்கு முன் ஒன்று. ஓ.டி.கள் இதைச் சென்சரி டயட் என்கிறார்கள், பெயரைப் பார்த்து ஏதோ பத்தியம் என்று என் மாமியார் பயந்துவிட்டார். பெயர்தான் டயட், உண்மையில் இது ஒரு டைம்டேபிள்.

"கடிக்காதே" என்ற வார்த்தையை அன்றோடு விட்டோம். "இதைக் கடி கண்ணு" என்று மட்டும்.

படி 5: எப்போதும் கையில் இருக்க ஒரு பொருள்

நாள் முழுக்கத் தின்னக் கொடுக்க முடியாது, அதனால் கடிக்கும் டியூப் வேண்டும். உணவுத் தர சிலிக்கோனில் செய்தது, மென்மை, நடுத்தரம், கடினம் என்று வரும், ஆன்லைனில் கிடைக்கும். பென்சிலைத் துண்டாக்குகிற குழந்தைக்குக் கடினமானதை வாங்குங்கள், நான் முதலில் மென்மையானதை வாங்கினேன், மூன்றே நாளில் கிழித்துக் கையில் கொடுத்தான். கைக்குழந்தைகளுக்கு விற்கிற, உள்ளே தண்ணீர் அடைத்த டீத்தர் பெரிய பற்களுக்குத் தாங்காது.

கழுத்தில் மாலையாக மாட்டுகிற மாதிரியும் விற்கிறார்கள். கழுத்தில் வேண்டாம் என்பது என் பிடிவாதம். கடிக்கும் மாலை, பிரேஸ்லெட் போன்றவை கழுத்தை இறுக்கலாம், மணி உதிர்ந்து தொண்டையில் அடைக்கலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 டிசம்பரில் எச்சரித்தது; தூக்கத்தில் மாலை இறுகி 18 மாதக் குழந்தை ஒன்று இறந்துபோயிருந்தது. நாங்கள் சின்ன வாரில் சட்டைப் பையோடு கிளிப் போட்டிருக்கிறோம், தூங்கும்போது அதுவும் கிடையாது.

வாங்க முடியாதவர்களுக்கு ஒரு வழி: பழைய தோர்த்தை (மெல்லிய பருத்தித் துண்டு) கிழித்து, நுனியில் பெரிய முடிச்சுப் போட்டு நனைத்து ஃப்ரீசரில் வையுங்கள். சில்லென்று இருக்கும், கடைவாய்க்கு நன்றாக அழுத்தும். நூல் பிரிய ஆரம்பித்தால் அன்றே தூக்கிப் போடுங்கள்.

படி 6: உடம்புக்கும் வேலை

தாடை தேடுகிற அழுத்தத்தில் கொஞ்சத்தைக் கையும் தோளும் கொடுக்க முடியும். தோப்பிலிருந்து இரண்டிரண்டு தேங்காயாகக் கொண்டுவந்து சாளையில் (தோட்டத்துக் கொட்டகை) அடுக்குவது, பாதி நிறைந்த வாளி தூக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது, சுவரைத் தள்ளுவது. அப்புச்சியோடு இருபது தேங்காய் சுமந்த நாளில் வீட்டுப்பாட நேரத்து டியூப் தானாகவே மேஜையில் கிடந்திருக்கிறது. எல்லா நாளும் இல்லை, ஆனால் நோட்டில் தெரிகிற அளவுக்கு உண்டு.

படி 7: பள்ளிக்கூடம்

நேராகச் சொல்லுங்கள்: இது கெட்ட பழக்கம் இல்லை, தண்ணீர் தாகம் மாதிரி. டியூபைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று டீச்சர் தயங்கினால், கடித்து உறிஞ்சுகிற வாய் வைத்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிடுங்கள். யாருக்கும் தெரியாது, வேலையும் நடக்கும். கேரளத்தில் பி.ஆர்.சி.யிலிருந்து (பள்ளிகளுக்கான வட்டார வள மையம்) வருகிற ஸ்பெஷல் எஜுகேட்டர் இருந்தால் அவரை வைத்துப் பேசுவது எளிது. இரண்டு மாநிலத்திலும் அரசு ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம்) எங்கே என்று கேளுங்கள், 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் கீழ் வருகிற மையம் அது, 18 வயது வரைக்கும் பார்க்கிறார்கள், காசு இல்லை. மொழி பற்றிக் கவலைப்படாதீர்கள், பாலக்காட்டில் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் பாதியும் தமிழில் பாதியும் பேசித்தான் எல்லாம் நடந்தது.

எத்தனை நாளில் மாறும் என்று கேட்பீர்கள். எங்களுக்கு மூன்று வாரத்தில் மணிக்கட்டுக் கடி நின்றது, காலர் ஆறு மாதம் கழித்தும் வாரத்துக்கு ஒன்றாவது நனைகிறது. பேச்சு குறைவான பையன், இப்போது வேனிலிருந்து இறங்கியதும் கையை நீட்டி "கடி" என்கிறான். சாயாக் கடைக்காரர் மாதிரியே இருக்கும்.

டியூபை மட்டும் இரண்டாக வாங்குங்கள். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, வாரத்துக்கு ஒருமுறை கொதிக்கவிட வேண்டும், அவன் கேட்கும்போது ஒன்று நிச்சயம் அடுப்பில்தான் இருக்கும். கழுவும்போதெல்லாம் இழுத்துப் பாருங்கள், பல் பதிந்த இடத்தில் கீறல் விழுந்திருந்தால் குப்பைக்கு.