மரம் தறிக்க முன் விறகு அடுக்கப் பழகுங்கள்: நோர்வேக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

புரட்டாதி பிறந்து காலையில் மூச்சு வெள்ளையாகத் தெரியத் தொடங்கியதும், வேலையிடத்துக் கோப்பி மேசையில் ஒரு கேள்வி வரும்: "விறகு போட்டாச்சா?" வந்த புதிதில் எனக்கு இது பகிடியாக இருந்தது. ஊரில் விறகு காலைக்குப் போய் அந்தர் கணக்கில் வாங்குவோம், இல்லாவிட்டால் வளவில் விழுந்த பனைமட்டையையும் பொச்சுமட்டையையும் பொறுக்குவோம். கையில் கொஞ்சம் காசு புழங்கியதும் முதலில் கைவிட்டதே விறகடுப்பைத்தான். இங்கே என்னவென்றால் பொறியியலாளர், பல் வைத்தியர், பள்ளி அதிபர் என்று எல்லாரும் சனிக்கிழமை விடிய மரம் தறிக்கக் கிளம்புகிறார்கள். 2013 மாசியில் ஒரு வெள்ளி இரவு, நோர்வே அரச தொலைக்காட்சி 12 மணித்தியாலம் விறகைப் பற்றியே ஒளிபரப்பியது. அதில் பெரும்பகுதி நேரம் திரையில் எரிந்துகொண்டிருந்த நெருப்பு மட்டும்தான். அடுக்கியது பிழை என்று முறையிட்டவர்களில் ஒரு பாதி, பட்டை மேலே பார்க்க அடுக்கவேண்டும் என்றது, மறுபாதி கீழே பார்க்க அடுக்கவேண்டும் என்றது. இந்த நாட்டைப் புரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

நீங்களும் இதில் இறங்கலாம். இங்கே வீடுகளைப் பெரும்பாலும் மின்சாரமே சூடாக்குகிறது. 2021 இலையுதிர்காலத்தில் தென்பகுதியில் மின்கட்டணம் ஏறியபோது, விறகடுப்பு வைத்திருந்தவர்கள் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. முதல் வேலையாகக் கடைக்குப் போய் மோட்டர்சாக், அதாவது மோட்டார் வாள், வாங்கிவிடுவார்கள். நான் சொல்வது தலைகீழ் ஒழுங்கு. முதலில் எரிக்கப் பழகுங்கள், அப்புறம் அடுக்க, அப்புறம் கொத்த. தறிப்பது கடைசி.

வீட்டைப் பாருங்கள்

ஒஸ்லோவில் அடுக்குமாடியில் இருப்பவர்கள், புகைபோக்கி இருக்கிறது என்பதற்காக அடுப்பு வைத்துவிட முடியாது. குடியிருப்புச் சங்கத்தைக் கேளுங்கள். தனிவீடோ வரிசைவீடோ வாங்கியவர்கள் அடுப்பின் வயதை விசாரியுங்கள். 1998க்குப் பிறகு புதிதாகப் பொருத்தும் அடுப்பு புகை குறைந்த வகையாக இருக்கவேண்டும். பழைய அடுப்பு நிறைய விறகைத் தின்று கொஞ்ச வெக்கையைத் தரும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் புகையையும் தரும். புது அடுப்பு பொருத்தினால் உள்ளூராட்சியின் தீயணைப்புப் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும். புகைபோக்கி துப்புரவாக்குபவர், இங்கே 'ஃபையர்' என்பார்கள், உள்ளூராட்சி அனுப்பும் ஆள்தான். அதற்கான கட்டணத்தை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், ஆகவே கதவைத் திறந்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். அடுப்பைப் பற்றி அவரைப்போல இலவசமாகச் சொல்லித்தர வேறு ஆள் கிடையாது.

சாம்பல் விசயத்தில் மட்டும் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆறிவிட்டது போல இருக்கும் சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடியுள்ள தகரவாளியில் போட்டு வெளியே, மரச்சுவருக்குத் தள்ளி வையுங்கள். கடதாசிப் பை வேண்டாம்.

ஒரு குளிர்காலம் வாங்கி எரியுங்கள்

கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் 40, 60 லீற்றர் சாக்குகளில் விறகு விற்கிறார்கள். பண்ணைகளில் 1000 லீற்றர் பெரிய சாக்கு கிடைக்கும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது: குவித்துக் கொட்டிய ஒரு கன மீற்றரை ஒழுங்காக அடுக்கினால் மூன்றில் இரண்டளவுக்குத்தான் வரும். பழைய ஆட்கள் 'ஃபாவ்ன்' என்று சொல்வது 2.4 கன மீற்றர் அடுக்கிய விறகு. விலையை ஒப்பிட முன் எது கொட்டியது, எது அடுக்கியது என்று கேளுங்கள்.

மரங்களில் மூன்று பேர் தெரிந்தால் போதும். வெள்ளைப் பட்டை 'பியோர்க்' (ஆங்கிலத்தில் birch), ஊசியிலை 'கிறான்' (spruce), சிவப்புப் பட்டை 'ஃபூரு' (pine). காய்ந்த பின் கிலோவுக்குக் கிலோ எல்லாமே ஏறக்குறைய ஒரே வெக்கைதான். பியோர்க் பாரமான மரம் என்பதால் ஒரு சாக்கில் கூடுதல் கிலோ இருக்கும், அதனால்தான் விலையும் கூட. கிறான் இலகுவாகப் பற்றும், பொறி பறக்கும். அடுப்பு மூட்ட அது நல்லது.

பச்சை பியோர்க்கில் எடையின் பாதிக்குக் கிட்டத் தண்ணீர். எரிக்கவேண்டுமென்றால் 20 வீதத்துக்குக் கீழே இறங்கவேண்டும். என் முதல் வருசம், தெரிந்த ஒருவர் சொன்ன மலிவு வியாபாரியிடம் இரண்டு பெரிய சாக்கு வாங்கினேன். அடுப்பில் வைத்தால் சீறியது. விறகின் நுனியில் தண்ணீர் நுரைத்தது, ஒரு மணித்தியாலத்தில் கண்ணாடிக் கதவு கரிச்சட்டி மாதிரிக் கறுத்தது. அந்த வருசம் முழுக்க ஜாக்கெட்டோடுதான் இருந்தோம். இப்போது வாங்க முன் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பேன். காய்ந்தது 'டொங்' என்று கணீரென்று கேட்கும், ஈரம் 'பொத்' என்னும். பியோர்க்குக்கு இன்னொரு வித்தையும் உண்டு: ஒரு முனையில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தடவி மறுமுனையில் வாயை வைத்து ஊதுங்கள். காய்ந்திருந்தால் நுரை கிளம்பும். பண்ணைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. ஈரமானி வாங்கினால், கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். நுனி எப்போதும் பொய் சொல்லும்.

மூட்டும்போது பெரிய கட்டைகள் கீழே, சிராய் மேலே, நெருப்பும் மேலே. எங்கள் அம்மாமார் செய்ததற்கு நேர்மாறு. மேலிருந்து கீழே எரிந்தால் கிளம்பும் வாயு நெருப்பினூடாகப் போய் எரிந்துவிடும், புகை குறையும்.

கொத்தலும் அடுக்கலும்

பக்கத்து வீட்டாரோ வேலைத்தோழரோ பங்குனி, சித்திரையில் கொத்தும்போது போய் நில்லுங்கள். பிளக்கும் கோடாலி ஊர்க் கோடாலி போலக் கூர்மையானதல்ல, ஆப்பு மாதிரித் தடித்தது. வேலையைச் செய்வது அதன் பாரம்தான், உங்கள் புயமல்ல. குற்றி மேல் ஒரு பழைய டயரை வைத்து அதற்குள் கட்டையை நிறுத்துங்கள். பிளந்த துண்டுகள் சிதறாமல் அங்கேயே நிற்கும், குனியும் வேலை பாதி மிச்சம். காலை அகட்டி நில்லுங்கள், தவறிய கோடாலி குற்றியில் விழட்டும். உறைந்த பியோர்க் கண்ணாடி போலத் தெறித்துப் பிளக்கும், ஆகவே கடுங்குளிர் நாள்தான் கொத்த நல்ல நாள். இதை ஆம்பிளை வேலை என்று யாரும் ஒதுங்கவேண்டாம். எங்கள் வீட்டில் மனைவிதான் நேராகக் கொத்துவார். என்னுடையது சிராய்க்குத்தான் சரி.

சித்திரைக்குள் கொத்தி முடிக்க ஏன் இந்த அவசரம் என்றால், பியோர்க்கின் பட்டை தண்ணீர் புகாதது. உள்ளே இருக்கும் தண்ணீரையும் வெளியே விடாது. முழுக்கட்டையாக ஒரு கோடை கிடந்தால் உள்ளுக்குள்ளேயே உழுத்துவிடும். மாசி, பங்குனியில், சாறு ஏற முன் தறித்து, சித்திரை முடிய முன் 30 சென்ரிமீற்றர் அளவில் வெட்டிப் பிளந்து அடுக்கினால், வெயிலும் காற்றும் படும் இடத்தில் புரட்டாதிக்குக் காய்ந்துவிடும். இலை வந்தபின் தறிக்க நேர்ந்தால் கிளை கழிக்காமல் சில வாரம் அப்படியே போட்டுவிடுங்கள். இலைகள் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும், வாடியதும் துண்டாக்கலாம்.

அடுக்குவது மண்ணில் அல்ல, பழைய பொருள் ஏற்றும் மரத்தட்டு இரண்டைப் போட்டு அதன் மேல். வீட்டுச் சுவரில் ஒட்டவேண்டாம். மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள். பொலித்தீனால் சுற்றிக் கட்டுவது எங்கள் ஆட்கள் செய்யும் இன்னொரு பிழை, உள்ளே பூஞ்சணம்தான் விளையும். பட்டை மேலா கீழா என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

யாருடைய மரம்?

காட்டில் எவரும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம், பெர்ரி பறிக்கலாம், காளான் எடுக்கலாம். 1957ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. இதைக் கேட்டுவிட்டு மரத்தையும் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். நிற்கும் மரம் காணிக்காரருடையது. ஊரில் பலாவும் பனையும் தறிக்க அனுமதி எடுத்தது நினைவிருக்கும், இங்கே சொந்த வளவுக்கு வெளியே எந்த மரத்துக்கும் யாரோ ஒருவரைக் கேட்கவேண்டும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரம் உள்ளூராட்சியின் மரமாகவும் இருக்கலாம். ஒஸ்லோவில் சில பகுதிகளில் சொந்த வளவின் பெரிய மரத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது.

கேட்டால் கிடைக்கும் என்பதுதான் நல்ல செய்தி. பண்ணைக்காரர் பலருக்கு வயலோரத்துப் பியோர்க் தொந்தரவு, 'செல்வ்ஹொக்ஸ்ட்' என்று சொல்லி நீங்களே தறித்து எடுக்க விடுவார்கள். அரச காடுகளை வைத்திருக்கும் 'ஸ்டாட்ஸ்கூக்' நிறுவனமும் விறகுக்கு அனுமதி விற்கிறது. ஃபின்மார்க்கில் கதை வேறு. அங்கே 2006 முதல் நிலத்தின் பெரும்பகுதி மாகாண மக்களின் சார்பில் ஒரு பொது அமைப்பின் கையில் இருக்கிறது, அங்கே குடியிருப்பவர்கள் குறித்துக் கொடுத்த இடத்தில் வீட்டுத் தேவைக்குப் பியோர்க் வெட்டலாம். 80களில் வடக்கே மீன் தொழிற்சாலைகளுக்கு வந்த எங்கள் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மோட்டர்சாக் பிடித்த கதை ஒன்றாவது கிடைக்கும்.

சித்திரை (ஏப்ரல்) 15 முதல் புரட்டாதி (செப்டெம்பர்) 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் நெருப்பு மூட்டத் தடை. கழித்த கிளைகளைக் குவித்துக் கொளுத்தும் எண்ணம் அப்போது வேண்டாம்.

இனி வாள்

சொந்தத் தேவைக்கு மோட்டர்சாக் பிடிக்க யாரும் லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். அதுதான் ஆபத்தே. ஒன்றிரண்டு நாள் பயிற்சி வகுப்புகள் நாடெங்கும் நடக்கின்றன, வாளுக்கு முன் அதற்குக் காசு கட்டுங்கள். வாளுக்கும் முன் காற்சட்டை. பாதுகாப்புக் காற்சட்டைக்குள் நீளமான நார்கள் இருக்கின்றன, சங்கிலி துணியைக் கிழித்த கணத்தில் அவை பல்லில் சுற்றி வாளை நிறுத்திவிடும். கூடவே முகவலையும் காதடைப்பும் உள்ள தலைக்கவசம், வெட்டுப்படாத சப்பாத்து. வாளின் மூக்கின் மேற்பகுதி எதிலாவது பட்டால் வாள் உங்கள் முகத்தை நோக்கித் திரும்பும். ஆகவே தோளுக்கு மேலே உயர்த்தி வெட்டவேண்டாம், இரண்டு கையாலும் பிடியுங்கள்.

வகுப்பில் சொல்லித்தருவதன் சாரம் இது. மரம் விழவேண்டிய பக்கம் முதலில் வாய் திறந்தது போல ஒரு வெட்டு, தண்டின் விட்டத்தில் ஐந்தில் ஒன்று அல்லது நாலில் ஒன்று ஆழம். அப்புறம் பின்பக்கத்திலிருந்து வெட்டி வந்து, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கை வெட்டாமல் விடவேண்டும். அந்தத் துண்டுதான் கதவின் பிணைச்சல் மாதிரி மரத்தைப் பிடித்து மெதுவாகச் சாய்க்கும். அதையும் வெட்டிவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும். தொடங்க முன்பே பின்பக்கம் சரிவாக விலகி ஓட ஒரு பாதையைத் துப்புரவாக்கி வையுங்கள். மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக்கூடாது, படம் எடுக்கும் மச்சானும்தான்.

நான் தறித்த மூன்றாவது மரம், ஒரு இருபது சென்ரிமீற்றர் கிறான், பாதி சாய்ந்து பக்கத்து மரத்தில் தொங்கிக்கொண்டது. போய் ஒரு உலுப்பு உலுப்பினால் விழும் என்று கீழே நடந்தேன். கூட வந்த கிழவர் அதுவரை எனக்குக் குரல் உயர்த்தியதே இல்லை. அன்று போட்ட "ஸ்தொப்!" இன்னும் காதில் கிடக்கிறது. நீண்ட பிடியுள்ள ஒரு கொக்கியைத் தண்டில் மாட்டி, பக்கவாட்டில் நின்று உருட்டினார். மரம் சுழன்று, நான் நிற்கப்போன இடத்தில் விழுந்தது. அன்று பிறகு நான் கிளை மட்டும்தான் பொறுக்கினேன்.

தொங்கிய மரம், புயலில் வேரோடு சாய்ந்த மரம், மின்கம்பிக்குக் கிட்ட நிற்கும் மரம், இந்த மூன்றும் உங்களுக்கானவை அல்ல. சாய்ந்த மரம் சும்மா கிடைத்த விறகு போலத் தெரியும். தண்டு முறுகி நிற்பதால் வெட்டியதும் விசையோடு தெறிக்கும், வேர்ப்பாளமும் திரும்ப எழும்பும். மின்கம்பி என்றால் மின்வலைக் கம்பனிக்குச் சொல்லுங்கள். தனியாகக் காட்டுக்குப் போகவேண்டாம். கைபேசியில் அவசர உதவிக்கான 113 செயலியை ஏற்றி வையுங்கள், நீங்கள் நிற்கும் இடத்தை அது அவர்களுக்குக் காட்டிவிடும்.

யாராவது "சனிக்கிழமை விறகுக்கு வாறியா?" என்று கேட்டால் மறுக்காதீர்கள். உங்களுக்கு முதல் நாள் கிடைப்பது கட்டை சுமக்கும் வேலைதான். பதினொரு மணிக்கு எல்லாரும் குற்றிகளில் குந்தி, சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, பாணும் பழுப்புச் சீஸும் எடுப்பார்கள். நீங்கள் ஒரு டப்பா மீன் பற்றீஸ் கொண்டுபோங்கள், உறைப்பைக் கொஞ்சம் குறைத்து. அடுத்த சனிக்கும் கூப்பிடுவார்கள்.