பழைய எம்ஜிபியை வீட்டிலேயே சரிசெய்யப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

என்னிடம் இருப்பது 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதன் வலப்பக்கக் கதவு ஒன்றரை மாதம் மூடவே இல்லை. அதே பழைய கதவு, அதே பழைய கீல், வண்டியை வாங்கிய அன்று லேசாகத் தள்ளியதும் 'டப்' என்று மூடியதுதான். நடுவில் நான் செய்தது ஒரே ஒரு வேலை. கதவுக்குக் கீழே துருப்பிடித்திருந்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். அதற்கப்புறம் கதவின் மேல்மூலை பின்பக்கத் தகட்டில் போய் முட்டியது. தள்ளத் தள்ள பெயிண்ட்தான் உரிந்தது.

அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கம் ஆபிங்டன் என்ற ஊரில் தயாரானது, கூரையுள்ள ஜிடி மாடலையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கு மேல். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டு கராஜில் தனி ஆளாகச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட எளிதான வண்டி இல்லை என்பது என் கருத்து. எந்தப் பாகமும் கிடைக்கும், 1988 முதல் முழு பாடியையே பழைய அச்சுகளில் புதிதாக அடித்து விற்கிறார்கள். எஞ்சின்கூட நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். நம் ஊர் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதிலுள்ள 1798 சிசி எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். ஆனால் எளிது என்று நினைத்துத்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். நான் பார்த்தவரை இந்த வண்டிகளைத் துரு கெடுத்தது பாதி, எதை முதலில் கழற்றுவது என்று தெரியாமல் கை வைத்தவர்கள் கெடுத்தது மீதி.

கையில் சாவி வந்த முதல் சனி ஞாயிறிலேயே வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பிரிக்கும்போது ரொம்ப சந்தோஷமாக இருக்கும். இரண்டு நாளில் கராஜ் நிறைந்துவிடும், வண்டி எலும்புக்கூடாக நிற்கும், 'எல்லாம் ஞாபகம் இருக்கும்' என்று தோன்றும். எட்டு மாதம் கழித்து ஐஸ்கிரீம் டப்பா நிறைய போல்ட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் அதன் நட்டு போல்ட்டுகளோடு தனிப் பையில் போட்டு மேலே எழுதி வைக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. நான் கூடுதலாகச் சொல்வது, ஓடுகிற வண்டியாக இருந்தால் பிரிக்கும் முன் ஒரு மாதமாவது ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சூடான பிறகு ஆயில் பிரஷர் எவ்வளவு நிற்கிறது, இரண்டாம் கியர் வழுக்கி வெளியே வருகிறதா, ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் விழுகிறதா, நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிரித்த பிறகு இதில் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. நன்றாக இருந்த கியர்பாக்ஸை சந்தேகத்தில் பிரித்துக் காசைக் கொட்டியவர்களும் உண்டு, கெட்டுப்போனதை அப்படியே பெயிண்ட் அடித்து மாட்டி, வண்டி முடிந்தபின் மறுபடி எஞ்சினோடு இறக்கியவர்களும் உண்டு.

சரி, கதவு. எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லா எடையையும் தாங்குகிறது. ரோட்ஸ்டரில் மேலே கூரையும் இல்லை. அப்படியானால் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பது எது? கார் நடுவில் ஓடும் டனலும், இரண்டு கதவுகளுக்கும் அடியில் ஓடும் சில் என்ற பெட்டியும்தான். வெளியிலிருந்து பார்த்தால் கால் வைத்து ஏறும் படி மாதிரி ஒரு சாதாரணத் தகடு. உள்ளே வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் ஒரு மடித்த பட்டை என்று அடுக்கடுக்காக இருக்கிறது, அழுக்கும் ஈரமும் உள்ளேயே தங்கி உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே கடுகளவு கொப்புளம் தெரிகிறதென்றால் உள்ளே நடுத்தகடு என்று ஒன்று அநேகமாக இருக்காது.

நான் என்ன செய்தேன் என்றால், வண்டியை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று ஸ்டாண்டில் ஏற்றினேன், வசதியாக இருக்கட்டும் என்று கதவைக் கழற்றி ஓரமாக வைத்தேன், கிரைண்டரை எடுத்து சில் முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டினேன். தாங்கி நின்றது போனதும் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவு கீழே இறங்கியிருக்கிறது. இறங்கினால் கதவு வாசலின் மேல்பகுதி ஒடுங்கும். அந்த ஒடுங்கிய நிலையிலேயே புதுத் தகட்டை வைத்து அருமையாக வெல்டிங் செய்து நிரந்தரமாக்கிவிட்டேன். நாலைந்து மில்லிமீட்டர் இருந்த இடைவெளி மேலே பூஜ்யம், கீழே விரல் போகும் அளவு. மறுபடி எல்லாவற்றையும் வெட்டத்தான் வேண்டியிருந்தது.

இரண்டாம் தடவை செய்த முறை இது. சில்லைத் தொடும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே, கீல் இருக்கும் தூணிலிருந்து பூட்டு இருக்கும் தூண் வரை, சதுர இரும்புக் குழாய் ஒன்றை வெல்டிங் செய்து வாசலைப் பூட்டினேன். வெட்டும் முன்பே கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை ஆறு இடத்தில் அளந்து, அந்த அளவை கராஜ் சுவரிலேயே எழுதினேன். ஒரு பக்கம் முழுவதும் முடியும்வரை மறுபக்கத்தில் கை வைக்கவில்லை. புதுத் தகடுகளை முதலில் கிளாம்பில் மட்டும் பிடித்தேன். குறுக்குக் குழாயைக் கதவில் படாதபடி உள்ளே தள்ளிப் போட்டிருந்ததால் கதவை மாட்டி மூடிப் பார்க்க முடிந்தது. சரியாக இருந்த பிறகுதான் அங்கங்கே வெல்டிங் பொட்டு வைத்தேன், மறுபடி கதவு, மறுபடி பொட்டு. ஆமை வேகம்தான். ஆனால் கதவு 'டப்' என்றது.

சில் விஷயத்தில் இன்னொன்று. பழைய துருவின் மேலேயே மூடி மாதிரி ஒட்ட வைக்கும் மெல்லிய சில் தகடு மலிவாகக் கிடைக்கும், ஒரு மதியத்தில் வேலை முடிந்துவிடும். அதை வாங்காதீர்கள். நிஜ சில்லின் முன்முனை முன் விங்குக்கு (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) உள்ளேயும் பின்முனை பின் விங்குக்கு உள்ளேயும் போகிறது. எனவே போல்ட்டில் நிற்கும் முன் விங்கைக் கழற்றி, வெல்டிங்கில் நிற்கும் பின் விங்கின் கீழ்ப்பகுதியை வெட்டினால்தான் ஒழுங்கான வேலை. 'முழு ரெஸ்டோரேஷன் முடிந்தது' என்று விற்கப்படும் வண்டியில் காந்தத்தை ஒரு துணியில் சுற்றி அந்த மூலையில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே இரும்பைவிடப் பட்டி அதிகம்.

வெல்டிங்கில் உயிருக்கே ஆபத்தான தவறுகள் இரண்டு. ஒன்று, பெட்ரோலை வடித்துவிட்டதால் டேங்க் பத்திரம் என்று நினைப்பது. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். எம்ஜிபியின் டேங்க் டிக்கிக்கு அடியில்தான் தொங்குகிறது, பின்பக்கம் நெருப்பு வேலை என்றால் அதை இறக்கி கராஜுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். இரண்டாவது, எண்ணெய்ப்பிசுக்கைத் துடைக்க பிரேக் கிளீனரை அடித்துவிட்டு உடனே வெல்டிங் அடிப்பது. குளோரின் கலந்த கிளீனர் அந்தச் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்சிலும் இருக்கும், ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடிய தூசியை ஏர் அடித்து ஊதுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுவதுமாகத் தடையானது 1999இல்தான், வண்டி அதற்கு முந்தையது.

ஸ்பானர் விஷயம் சின்னதாகத் தெரியும். இந்த வண்டியின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், வீட்டிலிருக்கும் 13 ஸ்பானர் அதில் போய் உட்காரும், பிடிப்பது போலவும் இருக்கும். ஐம்பது வருடம் இறுகிப்போன நட்டில் முழு பலத்தையும் கொடுக்கும்போது அந்த 0.3 மில்லிமீட்டர்தான் மூலைகளை மழுக்கிவிடும். அப்புறம் கிரைண்டர், அப்புறம் டிரில். ஒரு செட் அங்குல ஸ்பானர் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

ஒயரிங்கைப் பற்றி ஊரில் நிறைய கேலி உண்டு, இதன் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்துக்கு 'இருளின் இளவரசன்' என்றே பட்டப்பெயர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் தேடிப்போன கோளாறுகளில் பத்துக்கு எட்டு துருப்பிடித்த எர்த் இணைப்புதான், மீதி நடுவில் யாரோ எப்போதோ ரேடியோ மாட்டுவதற்காக வெட்டி டேப் சுற்றியது. ஒயரின் நிறங்களுக்கு ஒழுங்கு இருக்கிறது. பழுப்பு எப்போதும் கரண்ட் உள்ளது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை பியூஸைத் தாண்டி வருவது, கறுப்பு எர்த். இதைத் தெரிந்துகொள்ளாமல் கையில் கிடைத்த சிவப்பு ஒயரை எல்லா இடத்துக்கும் இழுத்துவிட்டால் அடுத்து வருகிறவர் உங்களைத் திட்டுவார், அந்த அடுத்தவர் பெரும்பாலும் நீங்களேதான். 1967 வரை வந்தவை பாஸிட்டிவ் எர்த் வண்டிகள் (பேட்டரியின் பாஸிட்டிவ் முனை பாடியோடு இணைந்தவை) என்பதையும் பேட்டரியைத் தொடும் முன் நினைவில் வையுங்கள்.

பியூஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. அசல் கண்ணாடி பியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது எரிந்துபோகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17தான். இப்போது கடையில் விற்கும் பல பியூஸில் 35 என்றால் 35ஐயும் தொடர்ந்து தாங்கும் என்று பொருள். எண்ணைப் பார்த்து வாங்கி மாட்டினால், கோளாறு வரும்போது பியூஸுக்கு முன் ஒயர் எரியும்.

எஞ்சின் இருமினால் எல்லோரும் முதலில் கார்புரேட்டரைத்தான் பிரிப்பார்கள். பெரும்பாலும் கோளாறு, தீப்பொறிக்கான கரண்ட்டை விட்டு விட்டுத் தரும் பாயின்ட்டிலோ, பொறி விழும் நேரமான டைமிங்கிலோ இருக்கும். அதையும் வால்வு இடைவெளியையும் சரிபார்த்த பிறகுதான் இரட்டை எஸ்யு கார்புரேட்டர்களைத் தொட வேண்டும். பிரித்தால் இரண்டின் பிஸ்டனையும் மூடியையும் கலந்துவிடாதீர்கள், அவை ஜோடி ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. பின்பக்கம் இருக்கும் மின்சார பெட்ரோல் பம்பையும் காது கொடுத்துக் கேளுங்கள். சாவியைப் போட்டதும் படபடவென்று 'டிக் டிக்' அடித்து, வேகம் குறைந்து, நின்றுவிட வேண்டும். எஞ்சின் ஓடாமலேயே விடாமல் அடித்தால் பெட்ரோல் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அல்லது டேங்க் காலி. 2021 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பர் ஹோஸை மெல்ல மெல்லத் தின்றுவிடும். பார்க்க நன்றாக இருந்தாலும் எல்லா ஹோஸையும் மாற்றுங்கள், 5 சதவீதம் மட்டுமே கலந்த சூப்பர் பெட்ரோல் போடுங்கள்.

பிரேக் ஆயிலில் டாட் 5 என்பது சிலிக்கோன், டாட் 5.1 என்பது சிலிக்கோன் இல்லாத, வழக்கமான டாட் 4 வகையைச் சேர்ந்தது. இப்படிப் பெயர் வைத்தவரை என்ன சொல்வது! இரண்டையும் கலக்கக் கூடாது.

கடைசியாக, கம்பிச் சக்கரம் உள்ள வண்டியானால் நடுவில் சுத்தியலால் அடித்து இறுக்கும் அந்தப் பெரிய நட்டு. வண்டியின் இடப்பக்கத்தில் சாதாரண மரை, வலப்பக்கத்தில் எதிர்மரை. ஆக்ஸிலைப் பிரித்து மாட்டும்போது ஹப்புகளைப் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டால் எல்லாம் பொருந்தும், இறுகும், ஓடும், ஓட ஓடத் தானாகவே கழன்று சக்கரம் உங்களை முந்திக்கொண்டு போகும்.

40 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 மே முதல் பிரிட்டனில் எம்ஓடி என்ற, வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திர சோதனை கட்டாயமில்லை. இன்று எம்ஜிபி எல்லாமே அந்த வயதைத் தாண்டியவை, அதனால் பலர் கராஜிலிருந்து நேராகச் சாலைக்குப் போகிறார்கள். நான் காசு கட்டி எம்ஓடிக்குக் கொண்டுபோனேன். இரண்டு வருடம் நானே குனிந்து குனிந்து பார்த்த வண்டிதான். சோதகர் டார்ச்சோடு அடியில் போன மூன்றாவது நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார். பின் பிரேக் குழாயை நான் கிளிப்பில் மாட்டவே இல்லை, அது எக்ஸாஸ்ட்டிலிருந்து அரை அங்குலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.