எஃப்எஸ்டேப்பில் இருக்கு, சரி, டிஸ்க் ஏறியிருக்கா?

ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பது வழக்கம்தான், ஆனால் அந்தத் தேதியை மட்டும் நம்பிக் கடைமடையில் யாரும் நாற்று விட மாட்டார்கள், மதகு வரை போய்த் தண்ணீர் வந்ததா என்று பார்ப்பார்கள். லினக்ஸில் இடிசி ஃபோல்டரில் இருக்கும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலும் அந்தத் தேதி மாதிரி. எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் ஏற (மவுண்ட் ஆக) வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும், ஏறியதா என்று சொல்லாது.

மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு நான் சி மொழியில் எழுதிய பேக்கப் புரோகிராம் இதில்தான் மாட்டியது. எஃப்எஸ்டேப்பில் தேடித் தரும் கெட்எஃப்எஸ்ஃபைல் (getfsfile) ஃபங்ஷனிடம் ஃபோல்டர் பெயரைக் கொடுத்தேன், வரி கிடைத்தது, டிஸ்க் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். கேபிள் கழன்று கிடந்தது, எஃப்எஸ்டேப்பில் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகட்டும் என்ற ஆப்ஷன்) போட்டிருந்ததால் மெஷினும் சத்தமில்லாமல் பூட் ஆகிவிட்டது, காலி ஃபோல்டரிலேயே பில் எல்லாம் காப்பியாகி மெயின் டிஸ்க் நிரம்பிவிட்டது.

கெட்எஃப்எஸ் குடும்பம் எஃப்எஸ்டேப்பை மட்டும்தான் படிக்கும். அதனால் எம்என்டிஎன்ட்.ஹெச் (mntent.h) ஹெடரில் இருக்கும் ஃபங்ஷன்கள் பக்கம் போய்விடுங்கள். செட்எம்என்டிஎன்ட்டுக்கு எந்த ஃபைல் என்று நீங்களே சொல்லலாம்: இப்போது ஏறியிருப்பதை மட்டும் காட்டும் ப்ராக், செல்ஃப், மவுண்ட்ஸ் (/proc/self/mounts) என்ற பாதையைக் கொடுத்து, ரீட் மோடில் திறங்கள். நல் (NULL) வந்தால் திறக்கவில்லை என்று அர்த்தம், அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் கெட்எம்என்டிஎன்ட்டை நல் வரும்வரை லூப்பில் கூப்பிட்டு, ஒவ்வொரு வரியிலும் எம்என்டி_டிர் (டிஸ்க் ஏறியிருக்கும் இடம்) உங்கள் ஃபோல்டரா என்று ஸ்ட்ரிங் கம்பேர் செய்யுங்கள். கடைசியில் ஸ்லாஷ் ஒட்டியிருந்தால் பொருந்தாது, பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பெயரை வைத்து ஒப்பிடவே வேண்டாம், எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி (டிஸ்க்கின் அடையாள எண்) என்று எழுதியிருப்போம், மவுண்ட்ஸில் அதே டிஸ்க் எஸ்டிபி1 என்று நிற்கும். பாதையில் ஸ்பேஸ் இருந்தால் ஃபைலில் \040 என்று தெரியும், அதை ஃபங்ஷனே மாற்றிக் கொடுத்துவிடும், நீங்கள் கை வைக்காதீர்கள்.

வரி கிடைத்ததும் ஹேஸ்எம்என்டிஆப்ட் ஃபங்ஷனிடம் "ஆர்ஓ" (ro, ரீட்-ஒன்லி) இருக்கிறதா என்று கேளுங்கள். டிஸ்க்கில் கோளாறு வந்தால் எக்ஸ்ட்4 தானாகவே ரீட்-ஒன்லிக்கு மாறும்படி அமைத்திருப்பது உண்டு, அப்போது டிஸ்க் ஏறியிருக்கும், எழுதத்தான் முடியாது. புதிய கெர்னல்களில் கோளாறால் வரும் இந்த மாற்றம் "ஆர்ஓ" என்று தெரியாமலும் போகலாம்.

ஒரு வரியைப் பிறகு பார்க்கலாம் என்று பாயின்டரை மட்டும் வைத்துக்கொண்டால் போச்சு, அடுத்த அழைப்பு அதே இடத்தில்தான் எழுதும். வேண்டியதை ஸ்ட்ர்டூப் (strdup) போட்டுத் தனி நகல் எடுங்கள், புரோகிராமில் பல த்ரெட் இருந்தால் கெட்எம்என்டிஎன்ட்_ஆர் வகையை எடுங்கள். மூடுவதற்கு எஃப்க்ளோஸ் அல்ல, எண்ட்எம்என்டிஎன்ட். அது எப்போதும் 1-தான் திருப்பும், சோதிக்க ஒன்றுமில்லை.