சிறு நிறுவன எலெக்ட்ரிக் கிட்டாரின் விலையேற்றம் நியாயமா என்று கணிப்பது எப்படி

சிறிய நிறுவனம் ஒன்றின் எலெக்ட்ரிக் கிட்டார் ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறிக்கொண்டே போனால், ஏறிய தொகையில் எவ்வளவு கருவியில் சேர்ந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்த பிறகே ஊட்டியிலோ குன்னூரிலோ இருப்பவர் பணம் கட்ட வேண்டும்.

முதலில் டாலர் விலையையும் ரூபாய் விலையையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். 2014இல் ஏறத்தாழ 60 ரூபாயாக இருந்த டாலர் 2022இல் 80 ரூபாயைத் தாண்டியது. ஆகவே 1,000 டாலர் கிட்டாரின் விலையை நிறுவனம் சிறிதும் உயர்த்தாமல் இருந்திருந்தாலும், சுங்க வரி சேர்வதற்கு முன்பே நமக்கு 20,000 ரூபாய் கூடிவிடும். டாலரிலேயே ஏறிய பகுதிக்கு மட்டுமே நிறுவனம் பொறுப்பு.

அடுத்து, கிட்டார் எங்கே உருவாகிறது என்று விசாரியுங்கள். அமெரிக்க நிறுவனமான ரெவரெண்ட், தன் கிட்டார்களைத் தென்கொரியாவில் செய்வித்து, ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் இறுதியாகச் சரிபார்த்து அனுப்புகிறது. இத்தகைய நிறுவனங்களால் பெரிய நிறுவனங்களைப் போல மொத்தமாக வாங்கிக் குவிக்க முடியாது என்பதால், கூலி உயர்வு விலையில் உடனே தெரிந்துவிடும். அதை நான் நியாயம் என்றே கருதுகிறேன். கிட்டாரில் பயன்படும் ரோஸ்வுட் மரத்தின் மீதான வணிகக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டினால் மட்டும் ஏற்காதீர்கள். கூடலூர்ப் பக்கம் ஈட்டி என்று நாம் அழைக்கும் மரம் உட்பட ரோஸ்வுட் இனங்கள் 2017 ஜனவரியில், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது உண்மைதான். ஆனால் பிரேசில் ரோஸ்வுட் நீங்கலாக, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலேயே விலக்கு கிடைத்துவிட்டது.

பிறகு கிட்டாரைக் கையில் எடுத்து, நெக் எனப்படும் நீண்ட கழுத்துப் பகுதியின் இரு ஓரங்களிலும் விரலை மேலிருந்து கீழ்வரை மெல்ல ஓட்டிப் பாருங்கள். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் காற்று வறண்டு, நெக்கின் மேல்பலகையான பிரெட்போர்டு மரம் சுருங்கும்போது, அதில் குறுக்கே பதித்த, சுருங்காத உலோகப் பிரெட் கம்பிகளின் முனைகள் வெளியே நீண்டு விரலைக் கீறும். நன்றாகப் பதப்பட்ட மரமும், முனைகளை ஒவ்வொன்றாக உருட்டி அராவிய கைவேலையும் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும். மாதக்கணக்கில் பனிமூட்டம் சூழும் நம் ஊர்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரெட்டுகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் தகும். தந்தி அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். பிரெட் வேலையோ நல்ல கைகளைத் தேடிக் கோயம்புத்தூர் வரை இறங்க வைக்கும். புதிய வண்ணத்துக்காகவும் பெயருக்காகவும் ஏற்றிய விலையை நான் கொடுக்க மாட்டேன்.

கடைசியாக, விலை ஏறுவதற்கு முன் வெளிவந்த அதே மாடல் பழையதாகக் கிடைத்தால், இரண்டின் நெக்கையும் இதே முறையில் ஒப்பிடுங்கள். வேறுபாடு எதுவும் தென்படாவிட்டால் பழையதையே வாங்குங்கள்.