திடலில் பழகும் போர் அணி: ஜெட் பயிற்சிக்கு முன் காலால் கற்க வேண்டிய திருப்பங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஜெட் விமானத்தின் இரைச்சல் புதிதன்று. தெற்கே பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் இருப்பதால், ஜெராய் மலைப் பக்கம் எப்போதாவது இரண்டு விமானங்கள் ஒன்றாகப் போவதுண்டு. ஒன்றைக் கண்ட சிறுவர்கள் மற்றொன்றை வானமெல்லாம் தேடுவார்கள். அவ்வளவு தள்ளிப் பறப்பதற்குக் காரணம் உண்டு. அலோர்ஸ்டாரில் அடிப்படைப் பயிற்சியை முடித்து ஜெட் பயிற்சிக்குத் தேர்வான என் அக்காள் மகன் தீபாவளி விடுப்பில் வந்திருந்தபோது, அந்தக் காரணத்தையும் அதற்கான திருப்பங்களையும் எங்கள் தோட்டத்துத் திடலில் நடந்தே பழக வைத்தேன். அவனைப் போல விடுப்பில் வீட்டில் இருக்கும் பயிற்சி விமானிகளுக்கு உதவும் என்பதால் அதை இங்கே முறையாக எழுதுகிறேன்.

சுதந்திர தினத்தன்று சில மீட்டர் இடைவெளியில் ஒட்டிப் பறப்பது நெருக்க அணி. அதில் விங்மேன், அதாவது துணை விமானி, அணியை நடத்தும் லீடரின் சிறகிலிருந்து தன் கண்ணை எடுப்பதே இல்லை. ஆகவே தன் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்று அவருக்குத் தெரியாது. போர் அணியில் இரு விமானங்களும் ஏறக்குறைய ஒரு கடல் மைல் (சுமார் 1.85 கிலோமீட்டர்) முதல் ஒன்றரைக் கடல் மைல் வரை இடைவெளிவிட்டு, உயரத்திலும் வேறுபட்டு, தோளுக்குத் தோள் நேராகப் பறக்கின்றன. எந்த விமானிக்கும் தன் வாலுக்கு நேர் பின்னால் இருப்பதைக் காண்பது கடினம். பக்கத்து விமானத்தின் வாலுக்குப் பின்னால் இருப்பதோ நன்றாகத் தெரியும். 1930களின் இறுதியில் ஸ்பெயினில் போரிட்ட ஜெர்மானிய விமானிகள், குறிப்பாக வெர்னர் மோல்டர்ஸ், இருவர் இருவராகப் பிரிந்து அகலமாகப் பறக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். 1940இல் மூவர் மூவராக நெருங்கிப் பறந்த பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் இழப்புகளுக்குப் பிறகே அதைக் கைக்கொண்டன. அன்று சில நூறு அடியாக இருந்த இடைவெளி, ஜெட் விமானம் திரும்புவதற்குத் தேவைப்படும் வட்டம் பெரிதானதால் இன்று மைல் கணக்கில் நிற்கிறது.

முதலில் கணக்கு. 360 நாட், அதாவது மணிக்கு 360 கடல் மைல், வேகத்தில் ஒரு விமானம் நிமிடத்துக்கு 6 கடல் மைல், அதாவது பத்து வினாடிக்கு ஒரு கடல் மைல் கடக்கும். ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 185 மீட்டர். அதே வேகத்தில் உயரம் குறையாமல் 3 ஜி, அதாவது தன் எடையைப் போல் மும்மடங்கு விசை, இழுத்துத் திரும்பினால் வட்டத்தின் ஆரம் சுமார் 1240 மீட்டர். தொண்ணூறு பாகை திரும்பச் சுமார் பத்தரை வினாடி ஆகும். இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஏனெனில் காக்பிட்டில் பெருக்கிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இனித் திடலுக்கு வருவோம். இரண்டு பேர் வேண்டும். இருபது அடி வைப்புத் தூரத்தில் (திடலில் அடி என்றால் காலடி), ஒரே திசையைப் பார்த்து, பக்கவாட்டில் நேராக நில்லுங்கள். தொடங்கிய இடத்தைச் சிலிப்பரைக் கழற்றி வைத்துக் குறித்துக்கொள்ளலாம். மூன்றாமவர் ஒருவர் சீராகக் கைதட்ட, தட்டுக்கு ஓர் அடி என்று இருவரும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். எங்களுக்குக் கைதட்டியது என் அக்காள் மகள். அவளுடைய அண்ணன் தவறும்போதெல்லாம் தட்டுவதை நிறுத்திச் சிரித்ததைத் தவிர அவள் மீது குறை சொல்ல இடமில்லை.

வலப்பக்கம் தொண்ணூறு பாகை திரும்ப வேண்டும் என்று வையுங்கள். இடப்பக்கம் இருப்பவர் வெளி விமானம். அவர்தான் முதலில் திரும்புகிறார். வலப்பக்கம், அதாவது உள்ளே, இருப்பவர் உடனே திரும்பாமல் நேராக இருபது அடி நடந்து, அதன் பிறகே திரும்புகிறார். வெளி விமானம் அவருடைய முதுகுக்குப் பின்னால் கடந்து மறுபக்கம் போய்விடும்; திருப்பம் முடிந்ததும் இருவரும் மறுபடியும் இருபது அடி இடைவெளியில் தோளுக்குத் தோள் நிற்பார்கள், பக்கம் மட்டும் மாறியிருக்கும். ஆகாயத்தில் ஒரு கடல் மைல் இடைவெளியில் அந்த இருபது அடிதான் பத்து வினாடி. வினாடியை எண்ணிக்கொண்டே பறக்க முடியாது என்பதால், திரும்பி வரும் விமானம் உங்கள் தோளுக்குப் பின்னால் ஏறக்குறைய 45 பாகைக்கு வரும்போது திரும்பத் தொடங்குவது என்று கண்ணுக்கு ஓர் அடையாளம் கற்பிக்கப்படுகிறது. திடலில் உங்கள் துணைவர் உண்மையான வட்டத்தில் திரும்பாமல் சட்டென்று திரும்புவதால் அந்தக் கோணம் அப்படியே அமையாது. அங்கே அடியை மட்டும் நம்புங்கள்.

உள்ளே இருப்பவர் ஒரு வினாடி முந்தித் திரும்பினால் 185 மீட்டர் முன்னால் போய்விடுவார், இடைவெளியும் அதே 185 மீட்டர் சுருங்கும். ஒரு வினாடி பிந்தினால் அதே அளவு பின்தங்குவார், அதே அளவு விலகுவார். ஆகவே திருப்பம் முடிந்ததும் லீடரைப் பார்த்து, நான் முன்னாலும் நெருக்கமாகவும் இருக்கிறேனா, பின்னாலும் தள்ளியும் இருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டால், எந்தப் பக்கம் பிழை செய்தீர்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

நூற்றெண்பது பாகைத் திருப்பம் இவற்றில் எளிது. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாகத் திரும்பினால் போதும்.

பலரைக் கவிழ்ப்பது நாற்பத்தைந்து பாகைத் திருப்பம். பாதி திரும்புவதற்குப் பாதி நேரம் காத்தால் போதும் என்று மனம் சொல்லும். உண்மை நேர்மாறு: இருபது அடி இடைவெளிக்கு உள்ளே இருப்பவர் நாற்பத்தெட்டு அடி நடந்த பிறகே திரும்ப வேண்டும்; ஆகாயத்தில் அது 24 வினாடி. திருப்பம் சிறிதாகச் சிறிதாகக் காத்திருப்பு நீளும்: நூற்றெண்பதுக்கு ஒன்றுமில்லை, தொண்ணூறுக்குப் பத்து, நாற்பத்தைந்துக்கு இருபத்து நான்கு. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இதை ஏட்டில் படித்திருந்தும், ஒரு காலைப் பறப்பில் பழக்க தோஷத்தால் பத்தாவது வினாடியிலேயே திரும்பிவிட்டேன். திரும்பி முடித்து வலப்பக்கம் பார்த்தேன், லீடர் இல்லை, இடப்பக்கமும் இல்லை. "உன் ஆறு மணியில் இருக்கிறேன், 760 மீட்டர், சுடட்டுமா?" என்று வானொலியில் கேட்டார். ஆறு மணி என்றால் நேர் பின்னால். அவர் மிகைப்படுத்தவில்லை என்பதைத் திடலில் நீங்களே சோதிக்கலாம்: நாற்பத்தெட்டுக்குப் பதிலாக இருபது அடியில் திரும்புங்கள், துணைவர் உங்கள் முதுகுக்கு நேர் பின்னால் எட்டடித் தொலைவில் நடந்து வருவார். என் அக்காள் மகன் இதைச் செய்து பார்த்துவிட்டு, "மாமா, இது பேய் மாதிரி இருக்கே" என்றான். அதன் பிறகு அவன் அந்தத் திருப்பத்தில் அவசரப்படவில்லை.

பின்தங்கிய விங்மேனை லீடர் மீட்கும் வழியும் இதே திடலில் விளங்கும். இருவரும் ஒரே சமயத்தில் விங்மேன் இருக்கும் பக்கமாக முப்பது பாகை திரும்பினால், உள்ளே இருக்கும் விங்மேன் அணியிடைவெளியில் பாதி அளவு முன்னேறி வந்துவிடுவார். எதிர்ப்பக்கம் திரும்பினால் அதே அளவு பின்தங்குவார். எஞ்சினை முழுவதும் திறந்துவிட்டுத் துரத்துவதைவிட இது எரிபொருளை மிச்சப்படுத்தும்.

அடுத்தது பார்வை. பத்து மீட்டர் சிறககலமுள்ள விமானம் ஒரு கடல் மைலுக்கு அப்பால், நீட்டிய கையில் பிடித்த கடுகைவிடச் சற்றுப் பெரிதாகவும் உளுந்தைவிடச் சிறிதாகவும் தெரியும். அதை விட்டுப் பார்வையை எடுத்து, மற்ற வானத்தைத் துழாவி, மறுபடி அதே இடத்தில் கண்டுபிடிக்கும் பழக்கம் வேண்டும். இதற்கு நம் ஊரில் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. மரங்கள் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடப்பட்டிருப்பதால், ஒரு நிரையின் வழியே நடக்கும்போது நேர் பக்கவாட்டிலும் சாய்வாகவும் சந்துகள் திறந்து திறந்து மூடும். துணைவர் நான்கைந்து நிரை தள்ளி உங்களுக்கு இணையாக நடக்கட்டும். நேர்ப்பக்கச் சந்து திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர் அதில் தெரிய வேண்டும். முன்னோக்கிய சாய்வுச் சந்தில் தெரிந்தால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள். ஒரு விநாடி மட்டும் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளுங்கள். கங்காணியிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது, காலில் பூட்ஸ் இருக்கட்டும். வெட்டிப் போட்ட மட்டைகளின் முள்ளும், அவற்றினடியே கிடக்கும் பாம்பும் பயிற்சி விமானியென்று பார்ப்பதில்லை.

நடக்கும்போதே வானொலிச் சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். துணைவர் கண்ணுக்குத் தெரிந்தால் "விஷுவல்", தெரியாவிட்டால் "பிளைண்ட்"; எதிரியைக் கண்டால் "டாலி", காணாவிட்டால் "நோ ஜாய்". நண்பருக்குரிய சொல்லை எதிரிக்குச் சொல்லிவிட்டால் நேரும் குழப்பத்தை விளக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் "பிளைண்ட்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, எப்படியும் கண்டுபிடித்துவிடலாம் என்று சில வினாடிகளை விழுங்கிவிடுகிறார்கள். பார்வையிலிருந்து மறைந்த அந்தக் கணத்திலேயே சொல்லிவிட்டு, உங்களுக்குக் குறித்த உயரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெரிகிறவர் தம் இடத்தைச் சொல்லி உங்கள் கண்ணைக் கூட்டி வருவார். பல விமானப்படைகளின் பயிற்சி விதிப்படி ஒரு விமானத்தைச் சுற்றி 500 அடிக்குள் மற்றொன்று நுழையக் கூடாது. ஆபத்து நெருங்கினால் "நாக் இட் ஆஃப்" (பயிற்சியை நிறுத்து) என்று இருவரில் யாரும், இளையவரானாலும், சொல்லலாம்.

நடை சரியான பிறகு சைக்கிளுக்கு மாறுங்கள். அப்போதுதான் திரும்பும் வட்டம் என்ற ஒன்று உண்டென்று உடம்புக்குத் தெரியும். இரவில் அஞ்சடியில் (வீட்டு முன்நடையில்) ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, விமானத்தைத் திருப்பும் கோலாகக் குடைப்பிடியை வலக்கையிலும், எஞ்சின் விசைப்பிடியாகப் பிளாஸ்க் மூடியை இடக்கையிலும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு முழுப் பறப்பையும் உண்மையான வினாடிக் கணக்கில் பேசிக்கொண்டே ஓட்டிப் பாருங்கள். 24 வினாடி எவ்வளவு நீளம் என்பது அப்போது புரியும். அக்கம்பக்கத்தார் ஏதேனும் சொல்வார்கள், சொல்லட்டும்.

வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பிற்பகலில் மழைமேகம் கோபுரமாக எழும்பிவிடுகிறது. புகைமூட்டக் காலத்தில் ஜெராய் மலையே பீடோங்கிலிருந்து மங்கிப் போகும். அத்தகைய நாளில் ஒரு கடல் மைல் என்ற எண்ணைக் கட்டி அழாமல், துணைவர் தெளிவாகத் தெரியும் அளவுக்கு லீடர் இடைவெளியைக் குறைப்பார். இடைவெளி குறைந்தால் காத்திருப்பும் அதே விகிதத்தில் குறையும்: முக்கால் மைலுக்குத் தொண்ணூறு பாகையில் ஏழரை வினாடி, நாற்பத்தைந்தில் பதினெட்டு. திடலில் பதினைந்து அடி இடைவெளி வைத்து, பதினைந்துக்கும் முப்பத்தாறுக்கும் திரும்பி இதைப் பழகிக்கொள்ளலாம்.