எஃப்எம் டவரில் நெட்வொர்க் கேபிள்: ரேடியோ அலை புகாமல் இழுப்பது எப்படி?

இரவு ஒரு மணிக்கு ஒலிபரப்பை நிறுத்தச் சொல்லி, டவரின் மேலே உள்ள கருவிக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்து முடித்தோம். லிங்க் ஒரு ஜிகாபிட்டில் நின்றது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். காலையில் ஒலிபரப்பு தொடங்கியதும் அதே லிங்க் 10 மெகாபிட்டுக்கு இறங்கி, விட்டு விட்டு அறுந்தது. மும்பையில் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு நடந்தது இது. தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் இப்போது இந்த வேலைக்கு வரும் நம் பையன்கள் அதே இடத்தில் இடறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

காரணம் எளியது. எஃப்எம் ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. கேட்6 என்ற நெட்வொர்க் கேபிளோ 250 மெகாஹெர்ட்ஸ் வரை சிக்னலைக் கடத்தும்படி செய்யப்பட்டது. எஃப்எம் அலை அதில் தாராளமாக ஓடும். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு ஷீல்டு (அலை புகாமல் தடுக்கும் உலோக உறை) இல்லாத ஒரு வயர் கிடந்தாலே போதும், அது நல்ல ஆன்டெனா ஆகிவிடும்.

ஏறுவதற்கு முன்

டிரான்ஸ்மிட்டரை நிறுத்தியோ பவரைக் குறைத்தோ கொடுத்ததை நிலையப் பொறியாளர் உறுதி செய்யாமல் யாரும் ஏற வேண்டாம். ஏறுவது பயிற்சி பெற்ற ரிக்கரின் வேலை, பெல்ட்டும் ஹார்னஸும் இல்லாமல் அவரும் ஏறக் கூடாது. இன்னொன்று: மீடியம் வேவ் நிலையங்களில் பெரும்பாலும் மாஸ்ட் என்னும் கம்பமே ஆன்டெனா. இன்சுலேட்டர் மேல் நிற்கும் அதைத் தொட்டாலே சுடும். இங்கே சொல்வது எஃப்எம் டவருக்கு மட்டும்.

படி 1: செம்பா, ஃபைபரா?

ஈதர்நெட் செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். வொர்லி தூர்தர்ஷன் டவர் 300 மீட்டர். அப்படிப்பட்ட உயரத்தில் யோசிக்கவே வேண்டாம், ஃபைபர்தான். டேட்டாவை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழை அது, ரேடியோ அலை அதில் ஏறாது. உயரம் குறைவாக இருந்தாலும், கேபிள் எஃப்எம் ஆன்டெனாக்களுக்கு நடுவே போக வேண்டியிருந்தால் நான் ஃபைபரையே போடுவேன். உள்ளே உலோகக் கவசம் இல்லாத ஃபைபராகப் பார்த்து வாங்குங்கள். மேலே போகும் பவர் வயருக்கு மட்டும் ஷீல்டு தேவைப்படும்.

படி 2: பொருள் வாங்குதல்

செம்பு என்று முடிவானால் ஷீல்டாக ஃபாயிலும் கம்பிப் பின்னலும் இரண்டும் உள்ள, வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிள் வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவாகக் கிடைக்கும், அதைத் தொடாதீர்கள். கூடவே உலோக உறை போட்ட ஆர்ஜே45 பிளக், எஃப்எம் அலையைத் தடுக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையம் (31 எண் கலவை பொருந்தும்), வெயிலுக்குப் பொடியாகாத கறுப்பு கேபிள் டை. லாமிங்டன் ரோட்டில் ஒரு சுற்று சுற்றினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பிளக்கின் வால் கேபிள் மேல் இறுக்கமாக உட்காருகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

படி 3: பிளக் போடுதல்

பாதி லிங்க் கெடுவது இங்கேதான், அதனால் பொறுமையாகச் செய்யுங்கள். ஷீல்டை ஒட்டி ஓடும் வெற்றுக் கம்பியான டிரெயின் வயரை நறுக்கி எறியாதீர்கள். ஃபாயிலையும் பின்னலையும் வெளியுறை மேல் திருப்பி மடித்து, டிரெயின் வயரை அதன் மேல் சுற்றி, பிளக்கின் உலோக வால் அதை முழுவதும் கவ்வும்படி கிரிம்ப் செய்யுங்கள்.

ஷீல்டிலிருந்து தனி வயர் ஒன்றை நீளமாக இழுத்து எர்த் கொடுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. 10 சென்டிமீட்டர் வயருக்கு ஏறக்குறைய 100 நானோஹென்றி இன்டக்டன்ஸ் உண்டு. எஃப்எம் அலைக்கு அது 60 ஓம் தடை. மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டும், அலையோ அந்த வழியாக இறங்காது.

அப்புறம் சோதனை. கேபிளின் இரண்டு முனைகளையும் கருவியிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு பிளக்கின் உறையிலிருந்து மறு பிளக்கின் உறைக்கு பீப் வருகிறதா பாருங்கள். கழற்றாமல் பார்த்தால் எர்த் வழியாகவே பீப் வந்து ஏமாற்றிவிடும்.

படி 4: இழுத்துக் கட்டுதல்

டவரின் காலை ஒட்டி, உள்பக்கமாக, தொங்கல் இல்லாமல் கட்டுங்கள். டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் ஃபீடர் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கடக்க வேண்டியிருந்தால் குறுக்கே கடந்து விலகிவிடுங்கள். மேலே ஒரு கிளாம்ப், டவரை விட்டுக் கேபிள் விலகும் இடத்தில் ஒரு கிளாம்ப், அறைக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. மூன்றிலும் ஷீல்டு எர்த்தைத் தொட வேண்டும். டவர் எர்த்தும் அறை எர்த்தும் ஒன்றாக இணைந்திருப்பது கட்டாயம்.

“எர்த் ஒரு முனையில்தானே கொடுக்க வேண்டும், அண்ணே?” என்று புதியவர்கள் கேட்பார்கள். அது ஆடியோ வயருக்கான வழக்கம். 100 மெகாஹெர்ட்ஸில் இரண்டு முனையிலும் கொடுத்தே ஆக வேண்டும்.

கடற்காற்று உள்ள ஊர் இது. கிளாம்ப் போடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளப்பான உலோகத்தில் இறுக்கி, மேலே டேப் சுற்றி மூடுங்கள். அறைக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் தாழ விட்டு ஏற்றினால் மழைத்தண்ணீர் வெளியிலேயே சொட்டிவிடும்.

படி 5: அறைக்குள்

என் முதல் லிங்க் செத்தது இங்கேதான். டவர் வேலை எல்லாம் சரி. ஆனால் பிஓஇ அடாப்டரிலிருந்து (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரன்ட் அனுப்புவது) ஸ்விட்சுக்கு நான் போட்டது ஷீல்டு இல்லாத ஒரு மீட்டர் சாதாரண பேட்ச் கார்டு, அதாவது குட்டி இணைப்புக் கேபிள். 75 சென்டிமீட்டர் கணக்கு அன்றைக்கு எனக்குத் தெரியாது. இரண்டு முள் பிளக் உள்ள பிஓஇ அடாப்டரும் உதவாது, அதில் எர்த்தே இல்லை. மூன்று முள் அடாப்டர், உலோக போர்ட், ஷீல்டு உள்ள பேட்ச் கார்டு என்று கடைசி வரை தொடர வேண்டும். இரு முனைகளிலும் ஃபெரைட் மாட்டுங்கள். வளையத்துக்குள் கேபிளை இரண்டு முறை ஓட்டினால் தடை நான்கு மடங்கு வரை உயரும்.

படி 6: ஒலிபரப்பு ஓடும்போது சோதித்தல்

டிரான்ஸ்மிட்டர் முழு பவரில் ஓடும்போது ஸ்விட்சில் சிஆர்சி பிழை எண்ணிக்கையை (கெட்டுப்போய் வந்த டேட்டாவின் கணக்கு) பாருங்கள். ஒரு மணி நேரம் டேட்டா ஓடியும் எண் நகராமல் இருந்தால் வேலை சரி. ஏறிக்கொண்டே போனால் தற்காலிகமாக வேகத்தை 100 மெகாபிட்டுக்குக் குறைக்கலாம், ஆனால் இரண்டு முனையிலும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பாருங்கள், அறையிலுள்ள பேட்ச் கார்டிலிருந்து தொடங்கி. அந்த எண்ணைத் தேதி போட்டு எழுதி வைத்து, மழைக்காலம் முடிந்ததும் அக்டோபரில் மறுபடி போய்ப் பாருங்கள். கிளாம்ப்பில் துரு ஏறியிருந்தால் முதலில் அந்த எண்ணில்தான் தெரியும்.