ஐப்பசி மழையில் தார்சாவில் உட்கார ஒரு வீட்டைத் தயார் செய்வது எப்படி

பாளையங்கோட்டையில் எங்களுடையது ஓட்டு வீடு. தெருவைப் பார்த்துத் தார்சா என்கிற முன் வராந்தா, அதை அடுத்துப் பட்டாசாலை என்கிற கூடம், அப்புறம் அடுப்படி, கடைசியில் கிணற்றடி. கல்யாணமாகி வந்து முப்பத்துநான்கு ஐப்பசி இந்த வீட்டில் கழிந்துவிட்டது. வந்த புதிதில் மழை என்றாலே எனக்குக் கவலைதான். ஓடு ஒழுகும், துணி காயாது, அப்பளம் நமுத்துப்போகும். அத்தை மட்டும் முதல் தூறலுக்கே மனைப்பலகையைப் போட்டுக்கொண்டு தார்சாவில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு மட்டும் எப்படி நேரம் கிடைக்கிறது என்று இரண்டு வருடம் கழித்துத்தான் பிடிபட்டது. மழைக்கான வேலையை எல்லாம் புரட்டாசி வெயிலிலேயே முடித்திருப்பார்கள்.

பெங்களூரில் இருக்கும் பேத்தி போன வருடம் போனில், "ஆச்சி, அக்டோபர்ல மரத்துல இலையெல்லாம் கொட்டிருமா?" என்று கேட்டாள். பாடப் புத்தகத்தில் அப்படிப் படம் போட்டிருக்கிறதாம். "இங்க அப்பதான் துளிர்க்கும்" என்றேன். பழைய தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17 அல்லது 18. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது 20 வாக்கில். ஆகவே உங்கள் கையில் இருப்பது புரட்டாசியின் கடைசி இரண்டு வாரம்.

புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். அந்தக் காய்ச்சலைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தலையணை, ஜமுக்காளம், மல்லி, மிளகாய் வற்றல், சுக்கு எல்லாவற்றையும் இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டெடுங்கள். மல்லியையும் வற்றலையும் சூடு ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும். கருப்பட்டியை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள், இளகிவிடும். பதநீர்க் காலத்தில் உடன்குடிக் கருப்பட்டியாகப் பார்த்து வாங்கி வைத்திருப்பேன். மழைக்காற்று பட்டால் அது கசிய ஆரம்பிக்கும். அந்தக் காலத்தில் ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள், புகை ஈரத்தை அண்டவிடாது. இப்போது கேஸ் அடுப்பு. நான் ஒவ்வொரு வட்டையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி, இறுக்கமாக மூடும் தகர டின்னில் வைக்கிறேன். கார்த்திகை முடியும்வரை கெடுவதில்லை.

ஓட்டைப் பார்க்க ஆள் கூப்பிடுவதும் இதே இரண்டு வாரத்தில்தான். பூனை ஓடி நகர்ந்த ஓடு, வேப்பஞ்சருகு அடைத்த தகரக் குழாய், இரண்டையும் சரி செய்தால் முக்கால்வாசி ஒழுக்கு நின்றுவிடும். மீதிக்கு அத்தை சொல்லிக்கொடுத்த ஒரு வழி இருக்கிறது. சொட்டு விழும் இடத்தில், ஓட்டுக்குக் கீழே உள்ள சட்டத்தில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, அதன் மறுநுனியைக் கீழே வைத்த பாத்திரத்துக்குள் விடுங்கள். கயிற்றை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். அப்போது சொட்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டே வழிந்து இறங்கும், தெறிக்காது, சத்தமும் இருக்காது. படுக்கும் அறைக்கு இது மிகவும் உதவும். பட்டாசாலையில் மட்டும் நான் கயிறு கட்டுவதில்லை. அங்கே ஒரு பித்தளைச் சட்டியை வைத்துவிடுவேன். அது 'ணங்' என்று விழுந்து, நிறைய நிறைய 'களுக்'கென்று மாறும் சத்தம் எனக்கு வேண்டும்.

இனி உட்காரும் இடம். எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. வாடைக்காற்று வடக்கிலிருந்து சாய்த்து அடிப்பதால் தார்சாவின் வெளிப்பக்கம் இரண்டு முழத்துக்கு நனைந்துவிடும். உங்கள் வீட்டில் எதுவரை நனைகிறது என்பதை முதல் மழையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு சாண் உள்ளே தள்ளித்தான் நம் இடம். சாரல் முகத்தில் லேசாகப் பட வேண்டும், மடியில் இருக்கும் பேப்பர் நனையக் கூடாது. சிமெண்டுத் தரை மழைநாளில் சில்லிட்டு முழங்காலைப் பிடிக்கும். கீழே ஒரு கோணிச்சாக்கு, அதன் மேல் ஜமுக்காளம் மடித்துப் போட்டு, சுவரில் சாய ஒரு தலையணை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் இருக்கும் பழைய சாமானை எடுத்துவிட்டாலே இந்த இடம் கிடைத்துவிடும். மழையைப் பார்க்க ஜன்னல் மட்டும் போதாது. மண் வாசனையும் காற்றும் வந்து சேரும் ஓர் இடம் வேண்டும்.

பேப்பரில் முதலில் அணை நீர்மட்டம் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இந்த முழு நீர்மட்டம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். நேற்றைக்கு இன்றைக்கு எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று வீட்டுக்காரர் சத்தமாக வாசிப்பார். அப்புறம் தாமிரபரணி ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதா என்று ஒரு விசாரணை. உங்கள் ஊரில் ஏரியோ குளமோ இருந்தால் நீங்களும் இதைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். மழை வெறும் ஈரமாகத் தெரியாது, நம் தண்ணீராகத் தெரியும். 2023 டிசம்பரில் எங்கள் பக்கம் வெள்ளம் வந்த மாதிரி ஒரு மழை வந்தால் தார்சாவில் உட்காரும் பேச்சே கிடையாது. அன்றைக்கு அறிவிப்பைக் கேட்டு மேட்டுக்குப் போய்விட வேண்டும். ஆற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நீர்மட்டம் வாசிப்பது இதற்காகவும்தான்.

சுக்குக் காப்பிப் பொடியை ஐப்பசிக்கு முன்பே இடித்து வையுங்கள். மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகும் சீரகமும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, ஏலக்காய் ஐந்து. மல்லியை வாசம் வரும்வரை மட்டும் வறுத்தால் போதும். சுக்கை அம்மியில் தட்டிவிட்டுத்தான் மிக்ஸியில் போட வேண்டும், இல்லையென்றால் பிளேடு போய்விடும். இரண்டு டம்ளர் காப்பிக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வைத்து, எலுமிச்சை அளவு கருப்பட்டியைக் கரைத்து, ஒரு முறை வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மண் இருக்கும். பிறகு ஒன்றரைக் கரண்டி பொடி, நாலு துளசி இலை போட்டு இரண்டு டம்ளராக வற்றவிட்டு இறக்குங்கள். பால் வேண்டாம் என்பது என் கட்சி. சேர்த்தே ஆக வேண்டுமென்றால் இறக்கிச் சூடு சற்றுத் தணிந்த பிறகு சேருங்கள், கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். சாயங்காலம் நாலரை மணிக்கு, வானம் இருட்டிக்கொண்டு வரும்போது குடித்துப் பாருங்கள்.

விடாமல் பெய்யும் நாளில் மதியத்துக்கு உளுந்தஞ்சோறு. தோலோடு இருக்கும் தொலி உளுந்துதான் வேண்டும், வெள்ளை உளுந்தில் அந்த மணம் வராது. ஒரு டம்ளர் உளுந்தை வெறும் சட்டியில் வாசம் கிளம்பும்வரை வறுத்து, இரண்டு டம்ளர் அரிசியோடு கழுவி, எட்டு டம்ளர் தண்ணீர், ஒரு சின்னக் கரண்டி வெந்தயம், இருபது பல் பூண்டு, ஒரு மூடித் தேங்காய்த் துருவல், உப்பு எல்லாம் சேர்த்துக் குக்கரில் நாலு விசில் விடுங்கள். பூண்டைக் குறைக்காதீர்கள். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். கறுப்பு எள்ளை அது படபடவென்று பொரியும்வரை வறுத்து, வற்றல், புளி, தேங்காய், உப்பு வைத்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். சோறு குழைவாக, ஆவி பறக்க இருக்கும்போதே நல்லெண்ணெய் விட்டுப் பிசையுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லோரும் தார்சாவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

துணிக்கு வருவோம். மழைநாளில் தினமும் கொஞ்சமாகத் துவைத்து, பட்டாசாலைக் கொடியில் இடைவெளி விட்டுப் போடுங்கள். ஈர வாடை போகச் சாம்பிராணிதான் வழி. சிரட்டைக்கரித் தணலில் சாம்பிராணியைத் தூவி, அதன் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, முக்கால் காய்ந்த துணியைக் கூடை மேல் பரப்புங்கள். ஐந்து நிமிடம் போதும். பக்கத்திலேயே இருக்க வேண்டும், கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் கரித்தணல் வைப்பது உயிருக்கே ஆபத்து. அந்தத் துண்டால் பேரப்பிள்ளைகளுக்குத் தலை துவட்டிவிட்டால் அவர்கள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிவார்கள்.

மழை விட்ட சாயங்காலம் ஈசல் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு திட்ட வேண்டாம். வீட்டு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, தெருப்பக்கம் ஒரு விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள். அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். அந்த அரை மணி இருட்டில் கதை சொல்லலாம்.

கார்த்திகை பிறந்தால் தினமும் வாசலில் இரண்டு அகல். புது அகலை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் எண்ணெய் குடிக்காது. வாடைக்காற்றுக்கு, இரண்டு செங்கலை மூலையாகச் சேர்த்து வைத்து அதற்குள் விளக்கை வைப்பேன். திருக்கார்த்திகை அன்று பனையோலைக் கொழுக்கட்டை. இளம் குருத்தோலையைக் கழுவி ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். வறுத்த பச்சரிசி மாவு, வறுத்து உடைத்த பாசிப்பயறு, தேங்காய், சுக்கு, ஏலம் எல்லாவற்றையும் கருப்பட்டிப் பாகில் பிசைந்து, ஓலையின் மடிப்புக்குள் அடைத்து, மேலே இன்னொரு ஓலையால் மூடி, ஓலைக்கீற்றாலேயே கட்டுங்கள். அரை மணி நேரம் ஆவியில் வேக வேண்டும். பச்சை போய் ஓலை மஞ்சளாக மாறியதும் எடுத்துவிடலாம். தட்டில் பிரித்து வைத்துக் கொடுக்காதீர்கள். கட்டோடு, சூட்டோடு பிள்ளைகளின் கையில் கொடுத்து அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். என் பேத்தி போன கார்த்திகைக்கு முதல் கட்டை அவிழ்த்துவிட்டுச் சாப்பிடாமல் அந்த ஓலையை மூக்கில் வைத்துக்கொண்டே வெகு நேரம் தார்சாவில் உட்கார்ந்திருந்தாள்.